எக்சிபிஷன் பட்ஜி: கரு கட்டிய முட்டைகள் பொரிக்கிற நேரத்தில் செத்துப்போகின்றன, எங்கிருந்து பார்ப்பது?

கூண்டோரம்:
வணக்கம். எக்சிபிஷன் ரகப் (ஷோவுக்கு வளர்ப்பது) பட்ஜி கிளிகள், மூன்று ஜோடி, தனித்தனிக் கூண்டில். கூண்டுக்கு வெளியே மாட்டிய மரப் பெட்டிகள், 25 × 15 × 15 செ.மீ. குழி வெட்டிய அடிப்பலகை, மேலே மரச்சீவல்.

1, 2ஆம் பெட்டிகளில் கரு நன்றாகக் கட்டுகிறது. ஐந்தாறு நாள் அடைக்குப் பிறகு டார்ச் அடித்தால் சிவப்பு நரம்பு தெரிகிறது, அப்புறம் முட்டை சுண்ணாம்பு வெள்ளைக்கு மாறுகிறது. ஆனால் பாதிக்கு மேல் கடைசி இரண்டு மூன்று நாளில் உள்ளேயே செத்துவிடுகின்றன. சில குஞ்சுகள் ஓட்டில் கீறல் போட்டதோடு நின்றுவிட்டன. 3ஆம் பெட்டியில் கதை தலைகீழ்: கரு கட்டியதெல்லாம் பொரிந்துவிட்டது, ஆனால் இட்டதில் பாதி கூமுட்டை.

அறையில் 24–27 டிகிரி, ஈரப்பதம் 70–75%. 1, 2ஆம் பெட்டிகளின் அடியில் ஈரப் பஞ்சுத் தட்டு இருக்கிறது (அடிப்பலகையில் துளை உண்டு). 14ஆம் நாளிலிருந்து முட்டைமேல் வெதுவெதுப்பான தண்ணீர் தெளிப்பும் உண்டு. 3ஆம் பெட்டியின் அமைப்பு வேறு, தட்டு வைக்க இடமில்லை. தீவனம் தினை, கேனரி விதை, கொஞ்சம் உமி நீக்காத ஓட்ஸ், வாரம் மூன்று நாள் எக் ஃபுட் (முட்டை கலந்த தீவனம்), எப்போதும் கடல்நுரை (கணவாய் ஓடு). வெயில் நேராக விழாத அறை. 2ஆம் பெட்டிப் பெட்டைக்கு எச்சம் தண்ணியாகப் போகிறது.

தினைக்கதிர்:
ஈரம் பத்தலை ப்ரோ. கீறல் போட்டுட்டு நிக்குதுன்னா சவ்வு காஞ்சு குஞ்சோட ஒட்டிக்கிச்சுன்னு அர்த்தம். தெளிப்பை 10ஆம் நாள்லேயே ஆரம்பிங்க.

ஓபலைன்:
அறையிலேயே 70–75% இருக்கும்போது ஈரம் பற்றவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? கீறலோடு நின்றதற்கு வறட்சி ஒரு காரணம், அவ்வளவுதான். ஈரம் மிஞ்சினாலும் குஞ்சு அதே இடத்தில்தான் நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும், முட்டையைத் திறந்தால்தான் வித்தியாசம் தெரியும்.

கூண்டோரம், அடுத்து சாகிற முட்டைகளைத் தூக்கிப் போடாதீர்கள். பொரிக்க வேண்டிய நாள் தாண்டி மூன்று நாள் ஆகி, டார்ச்சில் அசைவும் இல்லாமல், ஓடும் குளிர்ந்திருந்தால் எடுங்கள். மழுங்கின முனைப்பக்கம் ஓட்டைச் சிறு கத்தரிக்கோல் நுனியால் வட்டமாக எடுத்துத் திறங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் மூக்கு. அழுகல் நாற்றம் வந்தால் கிருமி. ஆனால் செத்து பல நாள் சூட்டில் கிடந்த முட்டை எப்படியும் நாறும், அதனால்தான் சீக்கிரம் திறக்கச் சொல்கிறேன்.

அடுத்து, எந்தக் கட்டத்தில் செத்தது என்று பாருங்கள். சிவப்பு வளையம் மட்டும் இருந்தால் முதல் வாரத்துச் சாவு: பெட்டை இரவில் வெளியே கிடந்து முட்டை குளிர்ந்தது, யாரோ குலுக்கியது, நெருங்கிய ரத்த உறவில் ஜோடி சேர்த்தது, கிருமி. கண்ணும் காலும் உருவாகி நடுவில் நின்றிருந்தால் தாயின் தீவனத்தில் வைட்டமின் குறை இருக்கலாம். முழுக் குஞ்சாக இருந்தால் கடைசிக் கட்டம். உங்களுடையது இதுதான் என்று நினைக்கிறேன். அங்கே நான்கு விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்:

– காற்றறை (மழுங்கின முனையில் இருக்கும் காற்று இடம்) எவ்வளவு பெரியது? முட்டையின் கால்வாசிக்கும் குறைவா?
– குஞ்சைச் சுற்றித் தண்ணீர் நிற்கிறதா, அல்லது சவ்வு காய்ந்த காகிதம் மாதிரி உடம்பில் ஒட்டியிருக்கிறதா?
– வயிற்றில் மஞ்சள் கரு உள்ளே போய்விட்டதா, வெளியே தொங்குகிறதா?
– தலை காற்றறைப் பக்கம் இருக்கிறதா, கூர்முனைப் பக்கம் இருக்கிறதா?

காற்றறை சிறிது, உடம்பு ஊதிக் கொழகொழ, சுற்றிலும் நீர் என்றால் முட்டை இழக்க வேண்டிய தண்ணீரை இழக்கவில்லை. காற்றறை பெரிது, சவ்வு வெள்ளையாக இறுகி இறகோடு ஒட்டல் என்றால் தினைக்கதிர் சொன்னது சரி. தலை தவறான முனையில் இருப்பது அங்கொன்று இங்கொன்று எல்லாரிடமும் வரும், அதைத் துரத்த வேண்டாம்.

நீலமூக்கு:
ஓபலைன் சொன்னது செத்த முட்டைக்கு. உயிரோடு இருக்கிற முட்டைக்குத் தராசு இருக்கிறது. 0.01 கிராம் காட்டுகிற சின்னத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஈரப்பதம் பற்றிய சண்டை அதோடு முடிந்துவிடும்.

கோழி, வாத்து, கிளி எதுவானாலும் முட்டை அடைக்காலத்தில் ஓட்டுத் துளைகள் வழியாகத் தண்ணீரை ஆவியாக விடவேண்டும். இட்ட எடையில் சுமார் 13 முதல் 16 சதவீதம், கீறல் போடுவதற்குள். அந்தத் தண்ணீர் விட்ட இடம்தான் காற்றறை. குஞ்சு ஓட்டைக் கீறுவதற்கு முன்னால் அந்த அறைக்குள் மூக்கை நீட்டித்தான் முதல் மூச்சு விடுகிறது. அறை சிறுத்திருந்தால் மூச்சு முட்டும், திரும்பிச் சுற்றி ஓட்டை வெட்டவும் இடமிருக்காது.

செய்முறை: முட்டை இட்ட அன்றே எடை பாருங்கள், மெல்லிய ஃபெல்ட் பேனாவால் பெட்டி எண்ணும் முட்டை எண்ணும் எழுதுங்கள். பென்சில் முனை ஓட்டைக் குத்தும், வேண்டாம். பிறகு அடை தொடங்கியதிலிருந்து 8ஆம் நாள், 16ஆம் நாள் எடை. 8ஆம் நாளில் 6–7% குறைந்திருக்க வேண்டும்.

கணக்கு: (முதல் எடை – இன்றைய எடை) ÷ முதல் எடை × 100.

ஒரு எச்சரிக்கை. நாளை எண்ணும்போது இட்ட தேதியிலிருந்து எண்ணாதீர்கள். பட்ஜி ஒருநாள் விட்டு ஒருநாள் இடும், பல பெட்டைகள் இரண்டாவது முட்டைக்குப் பிறகுதான் ஒழுங்காக அடை உட்காரும். 18 நாள் என்பது அடையிலிருந்து. இது தெரியாமல் முதல் முட்டையை "நாள் தாண்டிவிட்டது" என்று உடைத்து உயிர்க்குஞ்சைக் கொன்றவர்கள் நிறைய.

ஓபலைன்:
அதோடு ஒரு சோதனை. 2ஆம் பெட்டிப் பெட்டை புதிதாக இடும் முட்டைகளில் இரண்டை 3ஆம் பெட்டிக்கும், 3இல் இட்ட இரண்டை 2க்கும் மாற்றி வையுங்கள். இரண்டு பெட்டைகளும் ஓரிரு நாள் வித்தியாசத்தில் இட்டால் போதும். 2இன் முட்டை 3இல் பொரிந்து, 3இன் முட்டை 2இல் செத்தால் குற்றம் பெட்டியில். இரண்டு இடத்திலும் 2இன் முட்டையே செத்தால் குற்றம் தாய் தகப்பனில். தண்ணியான எச்சம் என்கிறீர்கள், அதனால் எச்சம் பட்ட முட்டையை மாற்ற வேண்டாம், சுத்தமானதை மட்டும்.

ஸ்பாட்_ஆறு:
அந்த எச்சத்தை லேசாக விடாதீர்கள். முட்டையிடும் பெட்டைக்கு எச்சம் பெரிதாகவும் இளகியும் வருவது இயல்பு. நிறம் மாறாமல், அவள் சுறுசுறுப்பாக இருந்தால் பயமில்லை. ஆனால் ஈரச் சீவலில் முட்டை கிடந்தால் ஓட்டுத் துளை வழியாகக் கிருமி உள்ளே போகும். அடியில் ஈரத் தட்டு, மேலே தெளிப்பு, நடுவில் எச்சம்: பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர இதைவிட வசதி வேண்டாம்.

சீவலை மாற்றுங்கள், பொரிக்கிற நாள்வரை காத்திருக்க வேண்டாம். காய்ந்த, தூசி குறைந்த மரச்சீவல். தேவதாரு மாதிரி வாசனை மரம் கூடாது. முட்டையைக் கழுவாதீர்கள், ஒட்டிய எச்சம் காய்ந்ததும் நகத்தால் மெல்லச் சுரண்டினால் போதும். முட்டையில் துர்நாற்றம் திரும்பத் திரும்ப வந்தால், பறவை பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் ஒரு முட்டையையும் எச்சத்தையும் கொடுத்து கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கேளுங்கள். தண்ணீரில் ஏதோ ஒரு ஆன்டிபயாடிக்கைக் கலக்கி விடுவது இந்தப் பொழுதுபோக்கின் தீராத வியாதி.

தீவனத்தில் ஒன்று: கடல்நுரை கால்சியம் தரும், வைட்டமின் டி3 தராது. வெயில் படாத அறையில் டி3 இல்லாமல் அந்தக் கால்சியம் உடம்பில் சேராது. ஓடு மெலிவதும் பெட்டைக்கு முட்டை சிக்குவதும் இதனால்தான். டி3 சேர்ந்த கால்சியத் திரவம் கொடுங்கள், டப்பாவில் போட்ட அளவுக்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம், டி3 மிஞ்சினால் சிறுநீரகம் போகும்.

கூண்டோரம்:
அனைவருக்கும் நன்றி. முடிவுகள் இதோ.

திறந்து பார்த்த முழுக் குஞ்சுகள் எல்லாவற்றிலும் காற்றறை சிறியது. கழுத்தும் தலையும் ஊதியிருந்தன, சுற்றிலும் நீர். இரண்டில் மஞ்சள் கரு பாதி வெளியே. நாற்றம் ஒன்றில் மட்டும், அது 2ஆம் பெட்டி.

எடை (இட்ட அன்று → 16ஆம் நாள்):
பெட்டி 1: 2.40 → 2.20
பெட்டி 2: 2.50 → 2.29
பெட்டி 3: 2.44 → 2.10

முட்டை மாற்றிய சோதனையில் 2இன் இரண்டு முட்டையும் 3இல் பொரிந்தன. 3இலிருந்து 2க்குப் போனதில் ஒன்று கூமுட்டை, மற்றது கடைசி நாளில் செத்தது.

நீலமூக்கு:
பெட்டி 1: 8.3%. பெட்டி 2: 8.4%. பெட்டி 3: 13.9%. தட்டு இருக்கும் இரண்டும் பாதி வழியில் நிற்கின்றன, தட்டில்லாத பெட்டி சரியான இடத்தில். ஓபலைன் சொன்ன மாற்றுச் சோதனையும் அதையே சொல்கிறது.

தட்டை எடுங்கள், தெளிப்பை நிறுத்துங்கள். பெட்டியின் மேல்பகுதியில் காற்றோட்டத் துளை இல்லையென்றால் பக்கத்துக்கு மூன்று, 6 மி.மீ. அளவில் போடுங்கள். பெட்டையின் வயிற்றுச் சூடும், அவள் குளித்துவிட்டு வந்து உட்காரும் ஈரமும் முட்டைக்குப் போதும். குளிக்க ஒரு கிண்ணம் கூண்டுக்குள் வைத்தால் ஈரம் எவ்வளவு வேண்டும் என்பதை அவள் பார்த்துக்கொள்வாள்.

இப்போது அடையில் இருக்கும் முட்டைகளுக்கு: 8ஆம் நாளில் 4%க்குக் கீழே இருந்தாலும் பதறி வேறு எதுவும் செய்யாதீர்கள். தட்டை எடுத்ததும் மீதி நாளில் ஓரளவு ஈடுகட்டும்.

தினைக்கதிர்:
எண்ணைப் பார்த்தாச்சு, ஒத்துக்கறேன். ஆனா அறையில 35–40% தான் ஈரம் இருக்கிறவங்க இதைப் படிச்சுட்டுத் தட்டைத் தூக்கிடாதீங்க, அங்க கணக்கு வேற. எடை பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

கூண்டோரம்:
சரி. கீறல் போட்டு நின்றால் நாமே உடைத்து எடுக்கலாமா?

ஓபலைன்:
முதல் கீறலிலிருந்து வெளியே வர ஒரு நாள், சில நேரம் அதற்கு மேலும் ஆகும். அந்த நேரத்தில்தான் மஞ்சள் கரு வயிற்றுக்குள் போகிறது, சவ்வில் ஓடும் ரத்தம் உடம்புக்குள் திரும்புகிறது. அவசரப்பட்டு உடைத்தால் ரத்தம் கொட்டிச் சாகும். காதருகே வைத்தால் "டிக் டிக்" என்றும் கீச்சென்றும் கேட்கும். சத்தம் பலமாக இருக்கிறவரை கை வைக்காதீர்கள்.

24 மணி நேரம் தாண்டி, கீறல் பெரிதாகாமல், சத்தமும் மெலிந்தால் மட்டும்: காற்றறைக்கு மேலே ஓட்டில் அரிசி அளவு துண்டு எடுங்கள். உள்ளே சவ்வில் சிவப்பு நரம்பு தெரிந்தால் அங்கேயே நிறுத்தி, பெட்டைக்கு அடியில் திரும்ப வையுங்கள். இனி மூச்சுக்குக் காற்று கிடைக்கும், மீதியை அது செய்யும். நரம்பு வற்றி சவ்வு வெள்ளையாக இருந்தால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த காது பட்ஸால் சவ்வை ஈரமாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டை மட்டும் விலக்குங்கள். குஞ்சைப் பிடித்து இழுக்கவே கூடாது.

ஸ்பாட்_ஆறு:
3ஆம் பெட்டிக் கூமுட்டை யாரும் தொடவில்லையே. எக்சிபிஷன் பறவைக்குக் குதத்தைச் சுற்றி இறகு அடர்த்தி, அதுவே பாதித் தடை. ஜோடி சேர்க்கும் முன் இரண்டுக்கும் அந்த மென்மையான இறகுகளை முனை மழுங்கிய கத்தரிக்கோலால் வெட்டுங்கள், பிடுங்க வேண்டாம். ஆணுக்குத் துளையை ஒட்டி முள்ளுமுள்ளாக நிற்கும் குட்டி இறகுகளை விட்டுவிடுங்கள். அடுத்து, உட்காரும் குச்சியை ஆட்டிப் பாருங்கள். மயிரிழை சுற்றினாலும் ஏறிய ஆண் வழுக்கிவிடும். 12 மி.மீ. குச்சி, இரண்டு முனையிலும் இறுக்கம். அப்புறம் ஆணின் மூக்குச் சதை பளபளவென்று நீலமா, மங்கலா என்று பாருங்கள். மங்கலாக இருந்தால் இன்னும் தயாராகவில்லை, பெட்டை மட்டும் மூக்குச் சதை பழுப்பேறி முன்னால் ஓடிவிட்டாள்.

கூண்டோரம்:
குச்சி ஒரு முனை தளர்ச்சிதான். கடைசியாக: பொரிந்த குஞ்சுகளில் இரண்டுக்குத் தலை நன்றாக வருகிறது. கால் ரிங் எப்போது? ஷோவுக்கு மாஸ்க் ஸ்பாட் (தொண்டையில் இருக்கும் கறுப்பு வட்டங்கள்) எப்போது எடுப்பது?

ஸ்பாட்_ஆறு:
மூடின ரிங் 5 முதல் 10 நாளுக்குள். தடித்த குஞ்சுக்கு 5–6ஆம் நாளே பாருங்கள், பிறகு ஏறாது. முன்விரல் இரண்டையும் சேர்த்து ரிங்கில் நுழைத்து, பின்விரல் இரண்டையும் காலோடு ஒட்டிப் படுக்கவைத்து ரிங்கை மேலே தள்ளி, பல்குச்சியால் பின்விரல்களை ஒவ்வொன்றாக வெளியே எடுங்கள். மறுநாள் பாருங்கள், கழன்றிருந்தால் திரும்பப் போடலாம். பளபளக்கும் ரிங்கைச் சில பெட்டைகள் எச்சமென்று நினைத்துக் கொத்தும், அதனால் எச்சத்தில் லேசாகப் புரட்டி மங்கலாக்கிவிடுங்கள்.

ஸ்பாட்: ஆறு வட்டம் வேண்டும், ஓரத்து இரண்டு கன்னப் பட்டையின் கீழ் பாதி மறையும். மீதியை ஷோவுக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் ட்வீசரால், இறகு வளரும் திசையிலேயே, ஒரு நாளைக்கு இரண்டு மூன்றாக எடுங்கள். ஒரே உட்காரலில் எடுத்தால் கை தவறும், தவறிய வட்டம் அந்த ஷோவுக்குள் திரும்ப முளைக்காது. வால் நீண்ட இறகு உடைந்திருந்தால் அதை இப்போதே பிடுங்கிவிடுங்கள், புதியது முழு நீளம் வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். உடைந்த இறகு அடுத்த இறகு உதிர்வுவரை அப்படியேதான் நிற்கும்.

குஞ்சுகள் பழகுவதற்கு, ஷோ கூண்டை அவை இருக்கும் கூண்டின் கதவில் திறந்து மாட்டி வையுங்கள், உள்ளே கொஞ்சம் தினைக்கதிர் தொங்கட்டும். (இங்கே பதில் போடுகிறவரைச் சொல்லவில்லை.)