70ஐத் தாண்டினால் சீட்டுக்கு அடியில் அதிர்வு, வீல் பேலன்சிங் செய்தும் போகவில்லை

கேள்வி:
என்னுடையது பின்சக்கர டிரைவ் பிக்கப். கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் இரண்டு துண்டு, நடுவில் அதைத் தாங்கும் சென்டர் பேரிங். 70 கிலோமீட்டர் வேகம் வரை வண்டி அலுங்காமல் போகிறது. அதைத் தாண்டியதும் சீட்டுக்கு அடியில் ‘ம்ம்ம்’ என்று தொடங்குகிறது. 85இல் கதவோரம் இருக்கும் தண்ணீர் பாட்டிலே நடுங்குகிறது. ஸ்டீயரிங்கில் ஒன்றும் தெரியவில்லை. நான்கு வீலையும் இரண்டு முறை பேலன்ஸ் செய்தேன், முன் டயர்களைப் பின்னால் மாற்றிப் போட்டேன். அதே அதிர்வு, அதே இடம். நாள் முழுக்க இந்த வண்டியில்தான் இருக்கிறேன். இறங்கிய பிறகும் இடுப்பில் அது ஓடிக்கொண்டே இருக்கிறது. அடுத்து எதைப் பார்ப்பது?

பதில்:
டயரை விட்டுவிடுங்கள். 80இல் போகும்போது வீல் நொடிக்குச் சுமார் 10 சுற்றுதான் சுற்றும். அதில் கோளாறு என்றால் ‘தட தட’ என்று உதறும். பின் அச்சில் இருக்கும் டிஃபரன்ஷியல் கியரின் விகிதம் 4 என்றால், அதாவது வீல் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் நான்கு சுற்று என்றால், ஷாஃப்ட் அதே நேரத்தில் 40 சுற்று சுற்றுகிறது. நீங்கள் சொல்லும் ‘ம்ம்ம்’ அந்த வகை. உறுதி செய்ய, ஆளில்லாத நேர்ச் சாலையில் 85இல் கிளட்சை மிதித்து எஞ்சினை ஐடிலுக்கு விடுங்கள். சாவியை மட்டும் அணைக்க வேண்டாம், பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். அப்போதும் அதிர்ந்தால் எஞ்சின் காரணம் இல்லை. அப்புறம், இது தொடங்குவதற்கு முன் வண்டியில் என்ன வேலை நடந்தது?

கேட்டவர்:
கிளட்சை மிதித்தும் அதிர்வு நிற்கவில்லை. வேலை என்றால், கிளட்ச் பிளேட் மாற்றினார்கள். அதற்குப் பிறகுதான் இது என்று இப்போதுதான் உறைக்கிறது!

பதில்:
அப்படியென்றால் கியர்பாக்ஸை இறக்க ஷாஃப்டைக் கழற்றியிருப்பார்கள். ஸ்பிளைன் (நீளவாக்கில் வெட்டிய பல்) போட்டு உள்ளே வெளியே நகரும் ஸ்லிப் ஜாயின்டைத் திரும்பக் கோக்கும்போது சில பல் தள்ளி உட்கார்ந்திருக்கலாம். ஷாஃப்டின் முனையை அடுத்த பகுதியோடு இணைக்கும் யூ ஜாயின்ட் வளைந்து சுற்றும்போது ஒரே வேகத்தில் சுழற்றாது, ஒரு சுற்றில் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். ஷாஃப்டின் மறுமுனையில் இருக்கும் ஜாயின்ட் அதைச் சமன் செய்ய வேண்டும். அதற்கு இரண்டு முனை யோக்கும் (ஜாயின்டைப் பிடிக்கும் கவை) கம்பெனி வைத்த நிலையிலேயே இருக்க வேண்டும். பல ஷாஃப்டுகளில் இதற்காகவே அம்புக்குறி இருக்கும், கிரீஸைத் துடைத்தால் தெரியும். நான் எந்த ஷாஃப்டைத் தொட்டாலும் முதலில் பெயின்டில் கோடு போடுவேன். அரை நிமிட வேலை, அதைச் செய்யாமல் விடுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

இன்னொருவர்:
சென்டர் பேரிங்கைச் சுற்றியுள்ள ரப்பரையும் பாருங்கள். கிழிந்திருந்தால் ஷாஃப்டைக் கையால் தூக்கினாலே ஆடும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டுப் படுங்கள்.

கேட்டவர்:
துடைத்துப் பார்த்தோம். ஒரு அம்பு மேலே, இன்னொன்று கிட்டத்தட்ட கால் சுற்று தள்ளி. நேராக்கிப் பூட்டியாயிற்று. 90 வரை போய் வந்தேன், பாட்டில் அசையவே இல்லை. முதல் கியரில் கிளம்பும்போது மட்டும் லேசாக ஒரு உதறல் இருக்கிறது. ரப்பரில் வெடிப்பும் தெரிகிறது, சென்டர் பேரிங்கையும் மாற்றிவிடப் போகிறேன். மூன்று வாரத்துக்குப் பிறகு இன்று இடுப்பு நிம்மதியாக இருக்கிறது, எல்லாருக்கும் நன்றி.