வெறும் 1.3 தானாம், கேக்கிறவன் கேனையன் எண்டால்

பரந்தன் சந்தி:
நேற்று ஒரு விற்பனை விளம்பரம் பாத்தன். மஸ்டா ஆர்எக்ஸ் 8, 2004, ஆறு கியர் மனுவல், சிவப்பு, கிளிநொச்சியில நிக்குதாம். கீழ எழுதியிருக்கு "வெறும் 1.3 லீட்டர் எஞ்சின், சின்னக் கார் செலவுதான், நாளாந்தம் ஓடலாம்" எண்டு. கேக்கிறவன் கேனையன் எண்டால் எருமை மாடும் ஏரோப்பிளேன் ஓட்டுமாம். 1.3 எண்டால் விட்ஸ் மாதிரிச் சின்னக் கார். உது லீட்டருக்கு ஆறோ ஏழோ கிலோமீற்றர்தான் ஓடும். எந்த ஊர்க் கணக்கில உது 1.3? உதை நம்பி நகையை அடகு வைச்சு எடுக்கிற பெடியளுக்கு ஆர் பதில் சொல்லுறது?

அக்கராயன் மாமா:
விளம்பரம் ஆர் போட்டதெண்டு எனக்குத் தெரியாது, ஆனா 1.3 எண்டதில பொய் இல்லை. 2014ல இருந்து என்னட்ட ஒண்டு நிக்குது, காரின்ர பதிவுப் புத்தகத்தில 1308 எண்டுதான் அடிச்சிருக்கு, இஞ்ச வரி சீசி, அதுதான் எஞ்சின் அளவு, பாத்துத்தான், அதாலதானே 250 குதிரை வலுவுள்ள கார் எங்கட ஆக்களின்ர முத்தத்துக்கே வந்தது. நாளாந்தம் ஓடலாமெண்டதும் பொய் இல்லை. பிள்ளையை ரியூசனுக்கு ஏத்துறது அதில, கிளிநொச்சிச் சந்தைக்கு அதில, வைகாசியில வற்றாப்பளைப் பொங்கலுக்கு நாலு பேரோட போறதும் அதிலதான். பின்கதவு முன்கதவுக்கு எதிர்ப்பக்கமாத் திறக்கும், மாமி ஏறேக்க "இதென்ன அலுமாரியோ" எண்டு கேட்டவ, ஆனா ஏறினவ. ஓடத் தெரியாதவன் றோட்டுக் கோணலெண்டானாம். 1308.

மாங்குளம் பட்டா:
மாமி இறங்கினவவோ எண்டதை மாமா சொல்லேல்லை.

பரந்தன் சந்தி:
புத்தகத்தில என்ன அடிச்சிருக்கெண்டு நான் கேக்கேல்லை, வயித்துக்குள்ள என்ன போகுதெண்டுதான் கேட்டன். என்ர பெரியப்பா புத்தகத்தில 1948ல பிறந்தவர், ஆச்சியைக் கேட்டா 1945 எண்டுவா. அதுமாதிரித்தான் உம்மட 1308ம். 1.3 எண்டு எழுதினா சனம் விட்ஸ் எண்டுதான் விளங்கும்.

வவுனியா ஸ்பானர்:
ரெண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கோ. முதல்ல சீசி எண்டா என்ன எண்டு பாப்பம். ஆர்எக்ஸ் 8ல இருக்கிறது ரோட்டரி எஞ்சின், அதில பிஸ்டன் இல்லை, முக்கோணம் மாதிரி ரோட்டர் ரெண்டு. ஒவ்வொண்டுக்கும் மூண்டு முகம், ஒரு முகம் 654 சீசி இழுக்கும். சாஃப்ட் ஒருக்காச் சுத்த ரோட்டர் மூண்டில ஒரு பங்குதான் சுத்தும். அப்ப ஒரு சுத்துக்கு ரோட்டருக்கு ஒரு முகம், ரெண்டு ரோட்டருக்கும் சேத்து 1308. ஆனா பிஸ்டன் எஞ்சின் 1300ஐயும் முழுக்க இழுக்கிறதுக்குக் கிராங்க் ரெண்டு தரம் சுத்தோணும். அதே ரெண்டு சுத்தில ரோட்டரி 2616 இழுத்துப்போடும். மூண்டு முகமும் ஒருக்கா வேலை செய்து முடியிறதெண்டா மூண்டு சுத்து, அப்ப 3924. மூண்டு கணக்கும் சரி. எதைச் சீசி எண்டு சொல்லப்போறியள் எண்டு முதல்ல ஒத்துக்கொண்டு பிறகு அடிபடுங்கோ.

அக்கராயன் மாமா:
பாத்தீரோ, ஸ்பானரே சொல்லிப்போட்டார் 1308 எண்டு.

பரந்தன் சந்தி:
ஸ்பானர் சொன்னது 2616. வாசிக்கத் தெரியாட்டிப் பிள்ளையைக் கேளும், ரியூசனுக்குத்தானே போகுது.

ஸ்கார்பரோ தம்பி:
ஹாய் எல்லாருக்கும், நான் கனடாவில ஒரு மஸ்டாங் வைச்சிருக்கிறன், இஞ்ச ஆரும் சீசி பாத்துக் கார் வேண்டுறேல்லை. யப்பானில ரோட்டரிக்கு வருச வரி போடேக்க சீசியை ஒண்டரையால பெருக்கித்தான் எடுக்கிறவங்கள், 1962 வரும், ரெண்டு லீட்டர்க் கணக்கில விழும். செய்தவனே ஒத்துக்கொண்ட பிறகு என்ன 1.3?

அக்கராயன் மாமா:
தம்பி உமக்கு அங்க பனி வந்தா அஞ்சு மாசம் காரை மூடி வைக்கிறது, அதை வைச்சிருக்கிறது எண்டு சொல்லுறதில்லை, பூட்டி வைக்கிறது எண்டுதான் சொல்லுறது. 1991ல லெமான்ஸ் ஓட்டப்போட்டியில 24 மணித்தியாலம் ஓடி வெண்ட மஸ்டா 787பி இருக்கே, யப்பான் கொம்பனி ஒண்டு அங்க முதன்முதல் வெண்டது அதுதான், அதுக்கு நாலு ரோட்டர், ஒண்டு 654, நாலுக்கும் 2616, உலகம் முழுக்க 2.6 எண்டுதான் எழுதினது. நாலுக்கு 2.6 எண்டா ரெண்டுக்கு எவ்வளவு? கணக்கை நீரே செய்யும், மஸ்டாங்கில கல்குலேட்டர் இருக்கும்தானே. நான் இஞ்ச கிரவல் ஒழுங்கையில கால் கிலோமீற்றர் உருட்டி உருட்டி வந்துதான் தார் றோட்டைக் காணுறன். அறுவடைக் காலத்தில வெட்டு மெசின் ஒரு பக்கம், றோட்டில காயப்போட்ட நெல்லு மற்றப் பக்கம், நடுவால என்ர கார். நெல்லில ஒரு மணி மிதிக்கமாட்டன். இரவில ஏ9ல மாடு படுத்திருக்கும், ஒட்டுசுட்டான் பக்கம் போனா ஆனை நிக்கும். இந்த ஊரில 12 வருசம் ஓட்டினவனுக்குக் கனடாவில இருந்து பெருக்கல் வாய்ப்பாடு வருது.

மாங்குளம் பட்டா:
ஆனை நிண்டா என்ர பட்டா லொறியைப் பின்னால எடுப்பன். மாமா 250 குதிரையையும் ஆனைக்கு முன்னால நிப்பாட்டி 1308 எண்டு சொல்லுவார்.

முள்ளியவளை அக்கா:
நான் இதுக்குள்ள வரக்கூடாதெண்டு பாத்தனான். என்ர மனிசனும் உதே கார்தான் வேண்டினவர், ரெண்டு வருசம் இருந்தது. சீசி எனக்குத் தெரியாது. தெரிஞ்சதெண்டா 1500 கிலோமீற்றருக்கு ஒரு லீட்டர் ஒயில் விடோணும், கடைக்காரன் "என்னக்கா, வயல் உழுற லாண்ட்மாஸ்ரரோ" எண்டு கேப்பான். ஒவ்வொருக்கா பெற்றோல் அடிக்கேக்கயும் ஒயில் கம்பி இழுத்துப் பாக்கிறது நான்தான், அவர் ஸ்ரியரிங்கைப் பிடிச்சுக்கொண்டு இருப்பார். சந்தையில மரக்கறி வேண்டிக்கொண்டு வந்தா எஞ்சின் சூட்டில ஸ்ராட் வராது, வெய்யிலுக்க அரைமணித்தியாலம் ரெண்டு பேரும் பிடிச்சு வைச்ச பிள்ளையார் மாதிரி. ஆனா ஒண்டு சொல்லோணும், பரந்தனால திரும்பிப் புதுக்குடியிருப்புப் பக்கம் றோட்டு வெறுமையா இருக்கேக்க அந்தச் சத்தம் ஏறேக்க எனக்கும் பிடிக்கும். அவருக்கு நான் அதைச் சொல்லேல்லை.

வவுனியா ஸ்பானர்:
அக்கா, ஒயில் குடிக்கிறது வருத்தமில்லை, அதுக்குள்ள ஒயிலை விசிறி எரிக்கிறதுக்கெண்டே ஒரு பம்ப் இருக்கு, ரோட்டர் முனையில இருக்கிற சீல் காய்ஞ்சு தேயாமல் இருக்க அது வேணும். ஆனா சூட்டில ஸ்ராட் வராட்டி அது வேற, அநேகமா கொம்பிறெசன், அதுதான் உள்ள காத்தை அமத்துற வலு, போயிட்டுது எண்டு அர்த்தம். சாதாரண கேஜை வைச்சுப் பாத்தா மூண்டு முகமும் தனித்தனியாத் தெரியாது, ரோட்டரிக்கெண்டு இருக்கிற கேஜாலதான் பாக்கோணும். வேண்டுறவன் முதல்ல அதைப் பாக்கோணும், சீசியை இல்லை.

பரந்தன் சந்தி:
அதைத்தான் சொல்லுறன், 1.3 எண்டு எழுதினவன் இதை எழுதினவனோ? மாமா இப்ப சொல்லட்டும், லீட்டருக்கு எவ்வளவு?

அக்கராயன் மாமா:
ஏ9ல ஆறாவது கியரில 70ல விட்டா ஒன்பது.

பரந்தன் சந்தி:
ஒன்பதாம்!!! இறக்கத்திலயோ? வன்னியில இறக்கம் எங்க இருக்கு, இரணைமடுக் கட்டில இருந்து உருட்டி விட்டனீரோ.

அக்கராயன் மாமா:
2022ல பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்த நேரம் காருக்குக் கிழமைக்கு 20 லீட்டர், அந்த வருசம் 92 பெற்றோலே லீட்டர் 470 ரூபா வரைக்கும் போனது, அந்த 20 லீட்டரில நான் யாழ்ப்பாணம் போய் வந்து பிறகு சந்தைக்கும் போனனான். சண்டை நேரத்துப் பெற்றோல் தடை காலத்தில நாங்கள் மொறிஸ் மைனரை மண்ணெண்ணெயில ஓட்டின சனம், காபரேட்டருக்கு ரெண்டு சொட்டுப் பெற்றோல் காட்டி ஸ்ராட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணெயில விடுறது, பின்னால வாற சைக்கிள்காரன் புகையில கண் எரிஞ்சு தூசணத்தால பேசுவான். எங்களுக்கு ஒரு சொட்டின்ர அருமை தெரியும். உமக்கு 1.3ம் தெரியாது அருமையும் தெரியாது.

பரந்தன் சந்தி:
கியூஆர் ஆர்எக்ஸ் 8க்கும் 20, வாகன் ஆருக்கும் 20. அதில பெருமை என்ன. சரி நான் வெளியில சொல்லாமல் இருந்தது, இனிச் சொல்லுறன். என்ர தம்பி 2018ல ஒண்டு எடுத்தவன். ஆரைக் கேட்டு எடுத்தவன்? இந்த மாமாவைக் கேட்டுத்தான். "1.3தான் தம்பி, பயப்பிடாமல் எடும்" எண்டு சொன்னது ஆர்? விடிய முத்தத்தில நிண்ட காரைப் பந்தலுக்குள்ள விடுறதுக்காக ஸ்ராட் பண்ணிப் பத்தடி எடுத்து நிப்பாட்டினவன், அதோட போச்சு. பிறகு ஸ்ராட்டே இல்லை. கராஜ்காரன் வந்து லாண்ட்மாஸ்ரரில கட்டி இழுத்தும் பாத்தான். ஊரே நிண்டு பாத்தது.

வவுனியா ஸ்பானர்:
குளிர் எஞ்சினை ஸ்ராட் பண்ணி உடன நிப்பாட்டவே கூடாது. பெற்றோல் உள்ள நிறைஞ்சு சீலில இருக்கிற ஒயிலைக் கழுவிப்போடும், பிறகு கொம்பிறெசன் வராது. அக்சிலேற்றரை நிலத்தோட மிதிச்சுக்கொண்டு கிராங்க் பண்ணினா பெற்றோல் வராது, உள்ள இருக்கிறது வெளியில போகும். கட்டி இழுக்கத் தேவையில்லை.

அக்கராயன் மாமா:
உம்மட தம்பிக்கு நான் அதைச் சொன்னனான், முழுச் சூடு வந்த பிறகுதான் நிப்பாட்டோணும் எண்டு, கேட்டவனோ? அவன் அந்த நேரம் போன் கதைச்சுக்கொண்டு நிண்டவன். என்னட்டயும் ஒரு கதை இருக்கு, ரெண்டு வருசத்துக்கு முதல் ரயர்க் கதையில நீர் என்னை "சேதாரம் மாமா" எண்டு எழுதினது நான் மறக்கேல்லை.

பரந்தன் சந்தி:
அது இண்டைக்கும் பொருந்தும்.

ஸ்கார்பரோ தம்பி:
ஆனா ப்ரோ 9000 ஆர்பிஎம் போற எஞ்சினை 70 வேகக் கட்டுப்பாட்டில ஓட்டுறதில என்ன கிடக்கு? பொலிஸ் மறிக்கும்தானே.

அக்கராயன் மாமா:
ரெண்டாவது கியர் எண்டு ஒண்டு இருக்கு தம்பி. நாளுக்கு ஒருக்கா 9000 காட்டாட்டி உள்ள கரி பிடிக்கும். அதுவும் பராமரிப்புத்தான், என்ர மனிசிக்கும் அப்பிடித்தான் சொல்லி வைச்சிருக்கிறன்.

மாங்குளம் பட்டா:
எல்லாம் சரி மாமா, வட்டுவாகல் பாலத்தால போனனீங்களோ? அந்தப் பழைய பாலத்துக் குழியில என்ர பட்டாவே குனிஞ்சு கும்பிட்டுத்தான் போகும்.

அக்கராயன் மாமா:
மூண்டு தரம் போனனான். வயிறு முட்டேல்லை.

முள்ளியவளை அக்கா:
பொய். எங்கடை முட்டினது, அடியில இருக்கிற பிளாஸ்ரிக் கவர் அங்கதான் விழுந்தது, மீன் இழுத்துக்கொண்டு போச்சோ தெரியாது. மழை நேரம் தண்ணியும் மேல நிக்கும்.

அக்கராயன் மாமா:
தங்கச்சி, உங்கட மனிசன் நேர விட்டிருப்பார், குழியை ரெண்டு சில்லுக்கும் நடுவில எடுக்கோணும். எனக்கு முட்டேல்லை.

முள்ளியவளை அக்கா:
அந்தப் பாலத்தில ஒரு வாகனம் போற அகலம்தான் இருக்கு, அதுக்குள்ள நடுவென்ன கரையென்ன. அதோட அவர் ஓட்டினதைப் பற்றி நான் மட்டும்தான் குறை சொல்லலாம்.

பரந்தன் சந்தி:
பாத்தியளோ, 1.3லயும் பொய் பாலத்திலயும் பொய். புதுப்பாலம் வந்த பிறகு போய் முட்டேல்லை எண்டு சொல்லும்.

வவுனியா ஸ்பானர்:
நான் மேல எழுதின மூண்டு கணக்கை ஆராவது ஒருத்தர் வாசிச்சனீங்களோ?

மாங்குளம் பட்டா:
நான் வாசிச்சனான் அண்ணை. 3924 எண்டு போட்டா இன்னும் எடுப்பா இருக்கும், லொறிக் கணக்கு.

அக்கராயன் மாமா:
சரி, கதை வேண்டாம். ஞாயிறு வாரும். ராங்க் முட்ட அடிச்சு, முறிகண்டியில தேங்காய் உடைச்சு, வவுனியா போய்த் திரும்பி வந்து மறுபடி முட்ட அடிப்பம். எவ்வளவு போச்சோ அதால பிரிச்சா லீட்டருக்கு எவ்வளவெண்டு தெரியும். ஒன்பது வராட்டி ரெண்டு ராங்க் காசும் என்ரை.

பரந்தன் சந்தி:
ஒன்பது வந்தாலும் அது 1.3 ஆகாது. அதோட எந்தப் பெற்றோல் அடிக்கிறது? ஒக்ரேன் 92ஓ 95ஓ? 95 அடிச்சுப்போட்டுச் சின்னக் கார் செலவு எண்டு சொல்லேலாது.

அக்கராயன் மாமா:
95தான். என்ர காருக்கு 92 அடிக்கமாட்டன்.

பரந்தன் சந்தி:
அப்ப விளம்பரத்தில அதையும் எழுதச் சொல்லும் உம்மட மருமோனை. ஓம், அந்த நம்பர் ஆற்றை எண்டு எனக்குத் தெரியாதெண்டு நினைச்சீரோ.

அக்கராயன் மாமா:
மருமோன் போட்டா மருமோனைக் கேளும். அவன் எழுதினதில பிழை என்ன, புத்தகத்தில உள்ளதைத்தானே எழுதினவன். விடிய ஆறு மணிக்கு முறிகண்டி.

பரந்தன் சந்தி:
நான் ஏன் முறிகண்டிக்கு வாறது, நீர் பரந்தன் சந்திக்கு வாரும்.

அக்கராயன் மாமா:
வவுனியா போறதுக்கு நான் ஏன் வடக்க வாறது? அதில போற பெற்றோலை ஆர் தாறது?

பரந்தன் சந்தி:
1.3 தானே, எவ்வளவு போகப்போகுது.