பெர்ல்ல மெத்தட் கூப்டா 14 இலக்க நம்பர் வருது, இன்னா மேட்டர்?

ராயபுரம்வாசி:
காசிமேட்ல மீன் கமிஷன் கடை ஒண்ணு, அவங்க பில் போடுற பழைய பெர்ல் (ப்ரோக்ராமிங் லாங்குவேஜ்) ஸ்கிரிப்ட் இப்ப என் தலைல. பில்னு ஒரு பேக்கேஜ் (கோட் தொகுப்பு) கீது, அதுல மொத்தம்னு ஒரு சப் (ஃபங்ஷன்) நான் சேத்தேன், கழிவு 10 குடுத்து $பில்->மொத்தம்(10) னு கூப்டுறேன். உள்ள முத வரி மை ($கழிவு) = @_; தான், @_ன்றது சப்புக்குள்ள வர்ற ஆர்குமெண்ட் லிஸ்ட். ஆனா கணக்குல கழிவு 94 லட்சம் கோடின்னு வருது!! பில்::மொத்தம்(10) னு கூப்டா 10 கரெக்டா வருது, ஆனா பில்லுக்குள்ள இருக்குற டேட்டா எதுவும் கிடைக்கல. அந்த அம்புக்குறி இன்னாதான்பா பண்ணுது?

பெரம்பூர்_லோகோ:
அது மெமரி அட்ரஸ் தல. அம்பு போட்டா அதுக்கு இடது பக்கம் இருக்குறது முத ஆர்குமெண்டா உள்ள போய்டும், உன் 10 ரெண்டாவதா தள்ளிடும். $பில் ஒரு ரெஃபரன்ஸ், அதாவது டேட்டா இருக்குற எடத்த காட்டுறது, அத கணக்குல போட்டா அட்ரஸ் தான் வரும். மை ($செல்ஃப், $கழிவு) = @_; னு மாத்து. செல்ஃப் கீவேர்ட் இல்ல, சும்மா வழக்கம், வேற பேரும் வெக்கலாம் ஆனா அடுத்து வர்றவன் திட்டுவான்.

வண்ணாரப்பேட்டை_அண்ணாத்த:
இன்னொண்ணும் பண்ணுது தம்பி. எந்த பேக்கேஜ்ல மொத்தம்ன்ற சப்ப தேடணும்னு அம்பு தான் கண்டுபுடிக்குது, அதுக்கு தான் ப்ளெஸ், இது இந்த பேக்கேஜோடதுன்னு முத்திரை குத்துற ஃபங்ஷன். நெறைய பேரு வேரியபிள ப்ளெஸ் பண்றதா நெனைக்கிறாங்க, இல்ல, அது காட்டுற ஹாஷ் (டேட்டா வெச்சிருக்குற எடம்) மேல தான் முத்திரை விழுது. ஹார்பர்ல படகு மேலயே நம்பர் எழுதிருக்கும்ல, யாரு ஓட்டினு போனாலும் நம்பர் மாறாது, அதுமாதிரி ரெஃபரன்ஸ எத்தினி வேரியபிளுக்கு காப்பி பண்ணாலும் அது பில் தான். அந்த பேக்கேஜ்ல சப் இல்லன்னா @ஐஎஸ்ஏ லிஸ்ட்ல இருக்குற பேரண்ட்ல போய் தேடும், அங்கயும் இல்லன்னா ஆட்டோலோட்னு ஒரு கடைசி கை சப் இருக்கான்னு பாக்கும், அதுவும் இல்லன்னா தான் செத்துரும். நீ பில்::மொத்தம் னு நேரா கூப்டா பேரண்ட்ல போய் தேடுறது நடக்காது, அது சாதா ஃபங்ஷன் கால்.

ராயபுரம்வாசி:
சூப்பர்ணா, 10 வந்துருச்சு. இப்ப கடன்பில்னு ஒரு சைல்ட் கிளாஸ் (பில்ல பேரண்டா வெச்ச பேக்கேஜ்) போட்டேன், கடன்பில்->நியூ (புதுசு உருவாக்குற சப்) னு கூப்டா பில்லாவே பொறக்குது, ஏன்?

வண்ணாரப்பேட்டை_அண்ணாத்த:
நியூக்குள்ள ப்ளெஸ்ஸுக்கு ஒரே ஆர்குமெண்ட் குடுத்துருப்பாங்க, பாரு. அப்படி வுட்டா அந்த வரி எந்த பேக்கேஜ்ல எழுதிருக்கோ அதுக்கு தான் ப்ளெஸ் ஆகும். அம்பு தான் கடன்பில்ன்ற பேர முத ஆர்குமெண்டா அனுப்புதே, அத $கிளாஸ்ல வாங்கி ப்ளெஸ்ஸுக்கு ரெண்டாவதா குடு.

பெரம்பூர்_லோகோ:
நியூ கடன்பில்(...) னு திருப்பி எழுதிருந்தா அதயும் அம்புக்கு மாத்திரு, யூஸ் வி5.36 (பெர்ல் வெர்ஷன்) போட்டா அந்த ஸ்டைல் ஓடாது. 2023-ல வந்த 5.38-ல கிளாஸ்னு தனி கீவேர்டே கீது, மெத்தட்னு எழுதுனா செல்ஃப் தானா வரும், இன்னும் எக்ஸ்பெரிமெண்டல் தான்.

ராயபுரம்வாசி:
கடை மெஷின்ல 5.16 தான்ணா கீது.

பெரம்பூர்_லோகோ:
அப்ப ப்ளெஸ் தான் கதி 😂