வீட்டில் ஆளுக்கொரு வகை ஃப்ளூ தடுப்பூசி தேவைப்படுமா?

மாலைத்தென்றல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இந்த ஆண்டு வீட்டில் எல்லோரும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்வதாக முடிவு செய்திருக்கிறோம். அப்பாவுக்கு 71 வயது. சர்க்கரை நோய் உண்டு. மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணி. நான்கு வயது மகனுக்குச் சளி பிடித்தாலே வீசிங் வந்துவிடும்; கடந்த சில மாதங்களிலும் வந்தது. அவனுக்கு இதுவே முதல் ஃப்ளூ தடுப்பூசி. எனக்கு முட்டை ஒவ்வாமை. ஒரே நாளில் எல்லோருக்கும் ஒரே ஊசியைப் போட்டுவிடலாம் என்று விசாரித்தால், உயர் அளவு ஊசி, மூக்கில் தெளிக்கும் மருந்து, முட்டை சேராதது என்று பல பெயர்களைச் சொல்லிக் குழப்புகிறார்கள். முன்பு நான்கு வைரஸ்களுக்கு எதிராகப் போட்டது இப்போது மூன்றுக்கு மட்டும்தானாம். தரத்தைக் குறைத்துவிட்டார்களா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மருந்தகத்தார் எழுதியது:

கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். தரம் குறையவில்லை. நான்காவதாக இருந்தது ஃப்ளூ வைரஸின் பி வகையைச் சேர்ந்த யமகாட்டா என்னும் கிளை. 2020 மார்ச்சுக்குப் பிறகு அது உலகில் எங்கும் இயற்கையாகப் பரவியதாக உறுதிசெய்யப்படவில்லை. ஆகவே அதைத் தடுப்பூசியில் சேர்க்க வேண்டிய தேவை இனி இல்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2023 செப்டம்பரில் தெரிவித்தது. மீதமிருக்கும் மூன்று, அதாவது ஏ வகையைச் சேர்ந்த எச்1என்1, எச்3என்2, பி வகையின் விக்டோரியா கிளை ஆகியவைதான் இப்போது மக்களிடையே சுற்றிக்கொண்டிருப்பவை.

உங்கள் தந்தையார் விஷயத்தில்தான் வகை பார்ப்பதில் உண்மையான பொருள் இருக்கிறது. முதுமையில் உடல் தடுப்பூசிக்கு மந்தமாகவே பதில் தருவதால், அதைத் தூண்ட மூன்று வழிகளைக் கையாள்கிறார்கள். வழக்கமான ஊசியில் ஒவ்வொரு வைரஸுக்கும் 15 மைக்ரோகிராம் புரதம் இருக்க, உயர் அளவு ஊசியில் 60 மைக்ரோகிராம் இருக்கும். மரபணு மறுசேர்க்கை முறையில், அதாவது வைரஸை வளர்க்காமல் அதன் புரதத்தை மட்டும் உருவாக்கித் தயாராகும் ஊசியில் 45 மைக்ரோகிராம். அதன் தயாரிப்பில் முட்டையும் இல்லை, ஃப்ளூ வைரஸும் இல்லை. மூன்றாவது வகையில் அளவு அதே 15தான் என்றாலும், எதிர்ப்பாற்றலைத் தூண்டும் எண்ணெய்க் குழம்பு ஒன்றைச் சேர்க்கிறார்கள். அமெரிக்காவின் தடுப்பூசி ஆலோசனைக் குழு 2022இல் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு இம்மூன்றையும் முன்னுரிமையாகப் பரிந்துரைத்தது. மூன்றில் எது மேலானது என்று அது தரம் பிரிக்கவில்லை.

உயர் அளவு ஊசி 24 விழுக்காடு கூடுதல் பாதுகாப்புத் தருகிறது என்று விளம்பரம்போலச் சொல்வார்கள். 2014இல் வெளியான, ஏறத்தாழ 32,000 முதியவர்கள் பங்கேற்ற ஆய்வின் முடிவு அது, சரியான கணக்குத்தான். ஆனால் அதே ஆய்வில் ஆய்வக உறுதியுடன் ஃப்ளூ கண்டவர்கள் வழக்கமான ஊசி போட்டவர்களில் ஆயிரத்துக்குப் பத்தொன்பது பேர், உயர் அளவு போட்டவர்களில் ஆயிரத்துக்குப் பதினான்கு பேர். நன்மை உண்டு என்பதில் ஐயமில்லை. வழக்கமான ஊசி வீண் என்று மட்டும் அதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. கை வலியும் லேசான காய்ச்சலும் உயர் அளவில் சற்றுக் கூடுதலாக இருக்கும் என்பதைத் தந்தையாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தாய்சேய்நலம் எழுதியது:

நான் குழந்தைகள் பிரிவில் செவிலியராகப் பணிபுரிகிறேன். மூக்கில் தெளிக்கும் மருந்து ஊசி வலியில்லாதது என்பதால் பெற்றோர் பலரும் அதையே கேட்கிறார்கள். இரண்டு வயதுக்கு மேற்பட்ட ஆரோக்கியமான குழந்தைக்கு அது நல்ல தேர்வுதான். ஆயினும் அதில் இருப்பது வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கடந்த ஓராண்டில் வீசிங் வந்திருந்தால் அதைத் தவிர்ப்பதே முறை. ஆகவே உங்கள் மகனுக்குச் சாதாரண ஊசியே பொருந்தும். முதன்முறை போடுவதால், குறைந்தது நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணைகள் தேவை. நடைமுறையில் இரண்டாவது தவணைதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது. எந்த வகை என்று யோசிப்பதைக் காட்டிலும் அந்தத் தேதியைக் குறித்துவைப்பது பயனுள்ளது.

உங்கள் மனைவிக்கும் மூக்குத் தெளிப்பு கூடாது. உயிருள்ள வைரஸ் இல்லாத ஊசியைக் கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போட்டுக்கொள்ளலாம். பிறந்து ஆறு மாதம் ஆகும்வரை குழந்தைக்கு ஃப்ளூ தடுப்பூசி போட இயலாது என்பதால், தாயிடமிருந்து சேரும் எதிர்ப்புப் புரதங்களே அதற்குத் துணை.

நுண்ணுயிர்மாணவி எழுதியது:

முட்டை ஒவ்வாமை பற்றி யாரும் சொல்லவில்லை. முட்டையில் வளர்த்துத் தயாரித்த ஊசியிலும் முட்டைப் புரதம் மிகமிகச் சிறிதளவே எஞ்சுகிறது. முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் எந்த வகையையும் போட்டுக்கொள்ளலாம் என்பதே அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் இப்போதைய நிலைப்பாடு. முன்பு போட்ட ஃப்ளூ தடுப்பூசிக்கே கடுமையான ஒவ்வாமை ஏற்பட்டிருந்தால் அது வேறு விஷயம். மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். முட்டைக்குப் பதிலாக உயிரணுக்களில் வைரஸை வளர்த்துத் தயாரிக்கும் ஊசிக்கு வேறொரு சாதகம் உண்டு. எச்3என்2 வைரஸ் முட்டையில் வளரும்போது அதற்கேற்பத் தன்னைச் சற்று மாற்றிக்கொள்வதால், சில ஆண்டுகளில் வெளியே பரவும் வைரஸோடு ஊசி முழுமையாகப் பொருந்துவதில்லை. உயிரணு முறையில் அந்தச் சிக்கல் குறைவு. ஆனால் இந்த வேறுபாடு ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், இதற்காக அலைய வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

மாலைத்தென்றல் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. இன்னும் ஒன்று மட்டும். உயர் அளவு ஊசி வந்து சேர ஒரு மாதமாகலாம் என்கிறார்கள். அப்பா காத்திருக்கலாமா, அல்லது இப்போது சாதாரண ஊசியைப் போட்டுக்கொண்டு, பிறகு அதையும் போட்டுக்கொள்ளலாமா?

மருந்தகத்தார் எழுதியது:

ஒரே பருவத்தில் பெரியவர்களுக்கு ஒரு தவணைதான். பிறகு இன்னொன்று போடும் வழக்கம் இல்லை. ஊசி போட்டபின் பாதுகாப்பு உருவாகவே இரண்டு வாரம் ஆகும். ஃப்ளூ ஏற்கெனவே பரவத் தொடங்கியிருந்தால், சர்க்கரை நோயுள்ள 71 வயதுக்காரரை ஒரு மாதம் காக்கவைப்பதை நான் ஏற்கமாட்டேன். மேலே சொன்ன பரிந்துரையும், அம்மூன்றும் கிடைக்காத நேரத்தில் வயதுக்குப் பொருந்தும் எதையேனும் போடச் சொல்கிறது. பருவம் தொடங்க இன்னும் இரண்டு மூன்று மாதம் இருக்கிறது என்றால் காத்திருப்பதில் தவறில்லை. அதற்குள் மற்ற இரண்டு வகைகளில் ஏதேனும் இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். உயர் அளவு என்ற பெயர் பரவிய அளவுக்கு அவற்றின் பெயர் பரவாததால், இருப்பு இருந்தும் யாரும் கேட்பதில்லை.