பையைக் குடுத்திட்டு "குடும்பத்துக்கு உதவி" எண்டு கணக்கெழுதினால் ஆரிட்டைக் கேக்கிறது?

புதன்கிழமைக்காரி:

வணக்கம். கவுன்சில் (உள்ளூராட்சிச் சபை) கணக்குவழக்குத் தெரிஞ்ச ஆராவது இங்கை இருந்தால் ஒருக்கால் சொல்லுங்கோ.

வடமேற்கு லண்டனிலை ஒரு தேவாலய மண்டபத்திலை புதன்கிழமையளிலை எங்கடை முதியோர் கூடுறவை. தேத்தண்ணி ஊத்திறது, வாற கடிதங்களை வாசிச்சுச் சொல்லுறது, ஃபோம் நிரப்பிக் குடுக்கிறது எண்டு ஒன்பது வருசமா நானும் அங்கை நிக்கிறன். அங்கை வாற ஒரு அன்ரிக்கு வயது 78, தனிய இருக்கிறா. இரண்டு கிழமை காணேல்லை எண்டிட்டு மார்கழியிலை வீட்டை போய்ப் பார்த்தனான். உள்ளுக்கை கோட்டும் போட்டு, தலைக்குத் துவாயும் கட்டிக்கொண்டு கட்டிலிலை இருக்கிறா. "ஹீற்றர் போடேல்லையோ அன்ரி?" எண்டு கேட்டால், "பிள்ளை, மீற்றர்க் காட்டிலை நாலு பவுண்ஸ்தான் கிடக்கு, அது சமையலுக்கு வேணும்" எண்டுறா. கடையிலை காசு ஏத்திப் பாவிக்கிற மீற்றர் அவவுக்கு.

மேசையிலை ஒரு பை. கவுன்சில் ஆக்கள் குடுத்திட்டுப் போனது. மெல்லிய போர்வை ஒண்டு, மூடி போட்ட கோப்பை ஒண்டு, கதவு இடுக்கிலை ஒட்டுற ரேப், எல்இடி பல்ப் இரண்டு, அறையின்ரை சூட்டைக் காட்டுற ஒரு மட்டை. 18 பாகைக்குக் கீழை போகவிடாதேங்கோ எண்டு மட்டையிலேயே எழுதிக் கிடக்கு. அண்டைக்கு அது காட்டினது 13.

பிறகு கவுன்சிலின்ரை வருசாந்த அறிக்கையைத் தேடிப் பார்த்தன். "சமூக உள்ளடக்கமும் எரிபொருள் வறுமைக் குறைப்பும்" எண்டு ஒரே ஒரு வரி. வீட்டைச் சூடாக்க வசதியில்லாத நிலையைத்தான் எரிபொருள் வறுமை எண்டு சொல்லுறவை. அதுக்கு நேரை ஆறு இலக்கத் தொகை. பக்கத்திலை "உதவி பெற்ற குடும்பங்கள்" எண்டு பெரிய ஒரு எண். அன்ரிக்குக் குடுத்த பையும் அதுக்குள்ளை ஒரு குடும்பமோ? அவை எங்கடை மண்டபத்துக்கு வந்து அரை மணித்தியாலம் கதைச்சிட்டுப் போன நாள், இருந்த 40 பேரும் தாளிலை கையெழுத்து வைச்சனாங்கள். அதுவும் 40 குடும்பமோ? ஈமெயில் போட்டுக் கேட்டன். மூண்டு கிழமை கழிச்சுப் பதில் வந்தது: இலக்குகள் யாவும் எட்டப்பட்டனவாம், என்ரை ஆர்வத்துக்கு நன்றியாம்.

கள்ளம் செய்தவை எண்டு நான் சொல்ல வரேல்லை. பை கொண்டு வந்த பிள்ளையள் நல்ல பிள்ளையள், அன்ரிக்குப் பல்பும் மாத்திக் குடுத்திட்டுத்தான் போனவை. காசு எங்கையிருந்து வந்தது, எதுக்குப் போனது, பிறகும் அந்த அறை ஏன் 13 எண்டு ஆரிட்டை, எப்பிடிக் கேக்கிறது?

பழைய கணக்கர்:

தங்கச்சி, நான் கவுன்சில் கணக்குப் பகுதியிலை 22 வருசம் இருந்திட்டு ஓய்வெடுத்தவன். அந்த நன்றிக் கடிதத்தை நானே எத்தினை பேருக்கு எழுதியிருப்பன்! பொதுவாக் கேட்டால் பொதுவாத்தான் பதில் வரும்.

முதல், காசு எந்தப் பொக்கற்றிலை இருந்து வந்தது எண்டு பிடியுங்கோ. இந்த விசயத்திலை மூண்டு பொக்கற் இருக்கு. ஒண்டு, வரிக்காசு நேரை ஆளின்ரை கைக்கு வாறது. பென்சன்காரருக்கு வாற குளிர்காலக் கொடுப்பனவு அப்பிடி. இரண்டாவது, மத்திய அரசு கவுன்சிலுக்குக் குடுத்து, கவுன்சில் பிரிச்சுக் குடுக்கிறது. 2021 ஐப்பசியிலை தொடங்கின குடும்ப ஆதரவு நிதி இந்த வகை. இங்கிலாந்துக்கு மட்டும் 2025-26 நிதியாண்டிலை 742 மில்லியன் பவுண்ஸ். மூண்டாவதைத்தான் கனபேர் கவனிக்கிறேல்லை: எங்கடை கரண்ட், காஸ் பில்லுக்குள்ளையே ஏத்தி எடுக்கிற காசு. பில்லிலை கழியிற 150 பவுண்ஸ் அதிலைதான் வருகுது, சூடு வெளியை போகாமல் சுவருக்கு இன்சுலேசன் அடிக்கிற ஈகோ திட்டத்துக்கும் காசு அப்பிடித்தான் வந்தது. செலவழிக்கிறது கம்பனி, மேற்பார்க்கிறது கரண்ட், காஸ் கம்பனியளைக் கண்காணிக்கிற ஒஃப்ஜெம், கட்டுறது நீங்களும் அன்ரியும். பொக்கற் தெரியாமல் போனால் ஒருத்தர் மற்றவரைக் கைகாட்டுவினம், உங்களுக்குக் கால்தான் உளையும்.

நீங்கள் சொல்லுற பை அனேகமா இரண்டாவது பொக்கற்றாத்தான் இருக்கும். அதிலை ஒரு நல்ல விசயம். ஒவ்வொரு கவுன்சிலும் அந்த நிதியை என்ன செய்தது எண்டு வேலை, ஓய்வூதியத் திணைக்களத்துக்கு அட்டவணை நிரப்பி அனுப்பவேண்டியிருந்தது. சாப்பாட்டுக்கு எவ்வளவு, கரண்ட் காஸ் தண்ணிக்கு எவ்வளவு, நிர்வாகச் செலவு எவ்வளவு எண்டு அதிலை பிரிச்சு இருக்கும். "எங்கை போனது?" எண்டு கேளாதேங்கோ. "நீங்கள் திணைக்களத்துக்கு அனுப்பின அட்டவணையின்ரை பிரதி தாங்கோ" எண்டு, தகவல் சுதந்திரச் சட்டம் 2000 எண்டு பேர் சொல்லிக் கேளுங்கோ. 20 வேலைநாளுக்குள்ளை பதில் தரவேணும். தராட்டில், இல்லை மழுப்பினால், உள்ளக மீளாய்வு கேக்கலாம், அதுக்குப் பிறகு தகவல் ஆணையாளரிட்டைப் போகலாம். கேள்வியைச் சின்னனா வையுங்கோ. தேடி எடுக்க 18 மணித்தியாலத்துக்கு மேலை போகும் எண்டு கணக்குக் காட்டினால் கவுன்சில் மறுக்கலாம். நாங்கள் அந்தக் கதவாலை எத்தினை தரம் தப்பினனாங்கள் எண்டு இப்ப சொன்னால் பென்சனை நிப்பாட்டவா போறாங்கள்?

இன்னொண்டு. அந்த அட்டவணையிலை எண்ணுறது குடுத்த உதவியளை, ஆக்களை இல்லை. ஒரு ஆளுக்கு மூண்டு தரம் வவுச்சர் குடுத்தால் மூண்டு. அந்த மூண்டு, வருசாந்த அறிக்கைக்கு வந்து சேரேக்கை "குடும்பம்" எண்டு பேர் மாறினால் அதுதான் உங்கடை கேள்வி. கேக்க வேண்டிய வசனம்: "ஒரே விலாசத்துக்கு ஒண்டுக்கு மேலை குடுத்ததைக் கழிச்சால் எத்தினை விலாசம்?"

கோடையிலை இன்னொரு கதவு திறக்கும். 2014ஆம் ஆண்டின் உள்ளூர்த் தணிக்கைச் சட்டப்படி வருசத்துக்கு ஒருக்கால் 30 வேலைநாள் கவுன்சிலின்ரை கணக்குப் புத்தகம், பில்லு, ஒப்பந்தம் எல்லாத்தையும் போய்ப் பார்க்கலாம். அந்த ஊர் வாக்காளர் எண்டால் தணிக்கையாளரிட்டை ஆட்சேபமும் குடுக்கலாம். நான் இருந்த 22 வருசத்திலை அப்பிடிக் கேட்டு வந்தவை நாலே நாலு பேர். அதிலை ஒருத்தர் வழி தவறி வந்தவர், பார்க்கிங் ஃபைன் கட்ட. அது வரை பார்த்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை. 500 பவுண்ஸுக்கு மேற்பட்ட ஒவ்வொரு செலவையும் கவுன்சில் இணையத்திலை போடவேணும். பை வாங்கின கம்பனியின்ரை பேர் பையிலை எங்கையாவது அடிச்சிருக்கும், அதைப் போட்டுத் தேடிப் பாருங்கோ.

தணிக்கையாளரை முழுசா நம்பியும் இருக்காதேங்கோ. இங்கிலாந்திலை கவுன்சில் கணக்குத் தணிக்கை வருசக்கணக்காத் தேங்கிப் போய், 2022-23 வரைக்குமான நிலுவைக்கு 2024 மார்கழி 13 எண்டு கடைசித் திகதி வைச்சவை. கனக்கக் கவுன்சிலுக்குத் தணிக்கையாளர் "எங்களாலை கருத்துச் சொல்ல ஏலாது" எண்டு எழுதித்தான் கையெழுத்து வைச்சவை.

ஈரச்சுவர்:

என்ரை மாமியார் வீட்டுக்கு இலவசமா வெளிச்சுவர் இன்சுலேசன் அடிச்சவங்கள். ஆறு மாசத்திலை படுக்கை அறை மூலையிலை கறுப்புப் பூஞ்சணம். அடிச்ச கம்பனி ஃபோன் எடுக்கிறேல்லை. அவங்கடை தாளிலை அந்த வீடு "முடிஞ்சது". 2025 ஐப்பசியிலை தேசியத் தணிக்கை அலுவலகம் அறிக்கை விட்டபிறகுதான் எங்களுக்கு மட்டும் இல்லை எண்டு தெரிஞ்சது: ஈகோவும் அதோடை சேர்ந்த மற்றத் திட்டமும் மூலம் வெளிச்சுவர் அடிச்ச வீடுகளிலை 98 சதவீதத்திலை திருத்தியே ஆகவேண்டிய பெரிய பிழை. உள்சுவரிலை 29 சதவீதம். 98 எண்டு வாசிச்சிட்டு அச்சுப்பிழையாக்கும் எண்டு திரும்ப வாசிச்சன். கணக்கர் அண்ணை சொன்ன மூண்டாவது பொக்கற் காசு இது.

மதுரைப்பொண்ணு:

அக்கா, நான் வீடுகளுக்கு எனர்ஜி சர்டிபிகேட் போட்டுக் குடுக்கற வேலை பார்க்கிறேன். ஒரு விஷயம் செக் பண்ணுங்க. அந்த அம்மா இருக்கறது கவுன்சில் ஃப்ளாட்டா? சர்டிபிகேட்ல என்ன பேண்ட் (எனர்ஜி வீணாகாம இருக்கறதுக்கு வீட்டுக்கு ஏ முதல் ஜி வரைக்கும் போடற தரம்)? போஸ்ட்கோடு போட்டா அரசு தளத்துலயே காசில்லாம பார்த்துக்கலாம்.

ஏன் கேக்கறேன்னா, சி பேண்டா இருந்தா இங்கிலாந்து அரசு கணக்குல அவங்க எரிபொருள் வறுமையிலயே இல்ல! மீட்டர்ல நாலு பவுண்டு இருந்தாலும் சரி, நாலு பென்ஸ் இருந்தாலும் சரி. முன்னாடி கணக்கு சிம்பிளா இருந்துச்சு. 1991ல ப்ரெண்டா போர்ட்மேன்ங்கற ஆய்வாளர் சொன்ன அளவு அது: வீட்டைப் போதுமான சூட்டுல வச்சுக்க வருமானத்துல 10 சதவீதத்துக்கு மேல தேவைப்பட்டா அது எரிபொருள் வறுமை. 2000ல ஒரு சட்டமே போட்டாங்க, அதை வச்சு 2016க்குள்ள முடிஞ்ச வரைக்கும் ஒருத்தர்கூட அந்த நிலைல இருக்கக் கூடாதுன்னு இலக்கு வச்சாங்க. இலக்குத் தேதி வர்றதுக்குள்ள 2013ல அளவுகோலையே மாத்தியாச்சு. 2021ல திரும்ப மாத்தினாங்க. இப்போ வருமானமும் கம்மியா இருக்கணும், வீடும் டி பேண்ட் இல்ல அதுக்குக் கீழ இருக்கணும். ஸ்காட்லாந்துல வேற கணக்கு, அங்க இன்னும் அந்த 10 சதவீதம் இருக்கு. இதே அம்மா கிளாஸ்கோவுல இருந்தா எண்ணிக்கைல வரலாம், லண்டன்ல இருக்கறதால வராம போகலாம்.

என் வேலையப் பத்தி நானே சொல்லக்கூடாதுதான். ஆனா நான் சர்டிபிகேட் போடும்போது சுவரு, ஜன்னல், பாய்லர் இதெல்லாம்தான் பார்ப்பேன். ஹாலை 21 டிகிரியில வச்சிருக்காங்கன்னு கம்ப்யூட்டரே நினைச்சுக்கும். நிஜத்துல யாரும் ஹீட்டரைப் போடறாங்களான்னு எழுத அதுல கட்டமே கிடையாது. ஒரு வீட்டுல நான் கோட்டைக் கழட்டாமலே அளவெடுத்து சி போட்டுட்டு வந்திருக்கேன்.

கவுன்சில் வவுச்சர் வாங்க பேண்ட் தேவையில்ல, அதனால அதை விட்டுடாதீங்க.

காலிங்பெல்:

எனக்கும் குளிர்காலக் கொடுப்பனவு 200 பவுண்ஸ் வந்தது, பிறகு நிண்டது, பிறகு வந்தது. 2024 ஆடியிலை, பென்சன் கிரெடிற் (வருமானம் குறைஞ்ச பென்சன்காரருக்கு வாற அரச உதவி) போலை உதவியள் எடுக்கிறவைக்கு மட்டும் எண்டவை. நான் சில பவுண்ஸாலை தவறினன். 2025 ஆனியிலை, 35,000 பவுண்ஸுக்குக் கீழை வருமானம் எண்டால் எல்லாருக்கும் எண்டு திரும்ப மாத்தினவை. இடையிலை போன அந்த ஒரு குளிரை ஆர் கணக்கிலை எழுதுறது? அன்ரி பென்சன் கிரெடிற் எடுக்கிறாவோ எண்டு முதல் பாருங்கோ பிள்ளை, மற்றதெல்லாம் பிறகு.

பழைய கணக்கர்:

உண்மை, அதைத்தான் நான் முதல் சொல்லியிருக்க வேணும். பழக்கதோசம், ஆளை விட்டிட்டுப் புத்தகத்தைத் தூக்கிறது.

கெதியா எழுதுங்கோ தங்கச்சி. குடும்ப ஆதரவு நிதி 2026 பங்குனியோடை முடிஞ்சது. அந்தச் சித்திரையிலை இருந்து வேறை பேரிலை வேறை நிதி. பேர் மாறினால் கோப்பும் மாறும், கோப்பைத் தெரிஞ்ச பிள்ளையும் வேறை மேசைக்குப் போயிடும்.

புதன்கிழமைக்காரி:

எல்லாருக்கும் நன்றி. நேற்று அன்ரி வீட்டை போனன். பென்சன் கிரெடிற் எடுக்கிறா, அது சரி. ஆனால் கரண்ட் பில்லிலை கழியிற அந்த 150 பவுண்ஸ் எங்கை எண்டு அவவுக்குத் தெரியாது. தளவாட லாச்சிக்குள்ளை, பிரிக்காத கடிதங்களோடை அந்தக் காசுக்கான வவுச்சர் கிடந்தது. "தமிழிலை வந்தால் பிரிச்சிருப்பன், இங்கிலீசிலை வாறதெல்லாம் பில்லுத்தானே" எண்டுறா. திகதி இன்னும் போகேல்லை. ஓடிப்போய்க் கடையிலை ஏத்திக்கொண்டு வந்து ஹீற்றரைப் போட்டம்.

மதுரைப்பொண்ணு தங்கச்சி, நீங்கள் சொன்னது சரி. சி பேண்ட்.

பையிலை கம்பனி பேர் இருந்தது, செலவுப் பட்டியலிலை நாலு தரம் வருகுது. கவுன்சிலுக்கு இரண்டே இரண்டு கேள்வியோடை கடிதம் இண்டைக்கு அனுப்பியாச்சு: அட்டவணையின்ரை பிரதி, எத்தினை விலாசம் எண்ட எண். மூண்டாவதா ஒண்டு எழுதிப்போட்டு அழிச்சிட்டன், பை குடுத்த பிறகு ஆராவது திரும்பிப் போய் அந்த மட்டையைப் பார்த்தவையோ எண்டு. என்ரை மகன்தான் "அம்மா, அது ஆவணம் இல்லை, அதுக்குப் பதில் வராது" எண்டவன். இப்ப யோசிச்சால் அதையும் விட்டிருக்கலாம் போலை கிடக்கு.

20 வேலைநாள் முடியிற அண்டைக்கு இதிலை வந்து எழுதுறன்.