மறு: லாக்கிங் நிரலகத்தின் 'இன்டர்னல் டீபக்': தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். செயலியில் நடப்பதைப் பதிவு செய்துதரும் லாக்கிங் நிரலகம் (லைப்ரரி), தன் சொந்த வேலையைப் பற்றி வெளியிடும் செய்திகளைத்தான் இங்கே 'இன்டர்னல் டீபக்' என்கிறோம். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் வந்த யோசனைகளுக்கு என் பதில்கள் இவை.

> 'உள் வழுநீக்க வெளியீடு' என்று நேராகவே வைத்துவிடலாமே.

பொருள் சரிதான் ஐயா. ஆனால் ஆவணத்தில் இதைப் படிப்பவர் தன் செயலி எழுதும் டீபக் மட்டப் பதிவு (வழு தேடுவதற்கான விரிவான பதிவு) என்றே எடுத்துக்கொள்வார். அங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். லாக் கோப்பு காலியாகக் கிடக்கும். உடனே ரூட் லாகரின் (மற்ற லாகர்களுக்கெல்லாம் மேலே இருப்பதன்) மட்டத்தை டீபக் என்று மாற்றுவார்கள். அப்போதும் ஒரு வரிகூட வராது. அமைவுக் கோப்பையே நிரலகம் படிக்கவில்லை என்றால், அதற்குள் மட்டத்தை மாற்றி என்ன பயன்?

அந்த நேரத்தில் நமக்கு வேண்டியது நிரலகம் தன்னைப் பற்றிச் சொல்லும் செய்தி. எந்த அமைவுக் கோப்பைத் தேடியது, கிடைத்ததா, எந்த அப்பெண்டரை (பதிவைக் கோப்பிலோ கன்சோலிலோ கொண்டுபோய் எழுதும் பகுதியை) உருவாக்கியது, கோப்பில் எழுத அனுமதி இருந்ததா என்பதெல்லாம் அதில்தான் தெரியும். இதை வழக்கமான பதிவு வழியில் அனுப்ப முடியாது. அந்த வழி இன்னும் திறக்கவே இல்லை, அல்லது அதில்தான் அடைப்பு. திறந்திருந்தாலும், எழுதும்போது வந்த பிழையை எழுதப் போய், அதிலும் பிழை வந்து, சுழன்றுகொண்டே இருக்கும். அதனால்தான் இதற்கென்று தனியாக ஒரு வழியை வைத்திருக்கிறார்கள், பெரும்பாலும் நேரே கன்சோலுக்கு.

ஜாவாவுக்கான லாக்கிங் நிரலகமான லாக்ஃபோர்ஜேயின் முதல் பதிப்பில் வேலை செய்தவர்கள் 'இந்த லாகருக்கு அப்பெண்டர் எதுவும் கிடைக்கவில்லை' என்ற எச்சரிக்கையைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. வரியின் தொடக்கத்தில் நிரலகத்தின் பெயரே நிற்கும். பேசுவது யார் என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது. நமது சொல்லும் இதைத்தான் செய்ய வேண்டும் என்பது என் கருத்து: எவ்வளவு விரிவான பதிவு என்பதை விட, யாருடைய பதிவு என்பதைக் காட்ட வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த எச்சரிக்கை டீபக்கை இயக்காமலே வரும். டாட்நெட்டுக்கான லாக்ஃபோர்நெட்டிலும் உட்பிழைகள் இயல்பாகவே வெளியே வரும், 'லாக்ஃபோர்நெட்.இன்டர்னல்.டீபக்' என்ற சாவிக்கு 'ட்ரூ' கொடுத்தால் மீதி விவரமும் சேர்ந்து வரும், அவ்வளவுதான். ஆகவே 'வழுநீக்கம்' என்பதைப் பெயருக்குள் நுழைக்கவே வேண்டாம்.

> அகப்பதிவு?

அழகான சொல், விட மனம் வரவில்லை. டாட்நெட்டின் இன்னொரு லாக்கிங் நிரலகமான என்எல்லாக் 'இன்டர்னல்' என்றே சொல்வதால் அதற்கு நன்றாகப் பொருந்தவும் செய்யும். ஆனால் ஒரு நிறுவனத்துக்குள் மட்டும் புழங்கும் பதிவு என்றும் படிக்க இடமிருக்கிறது. 'உட்பதிவு' என்றாலோ, 'உள்நுழைவு', 'புகுபதிகை' எல்லாம் பழகிய கண்ணுக்கு லாகின் தான் நினைவுக்கு வரும்.

> ஜாவா நிரலகங்களான லாக்ஃபோர்ஜே 2, லாக்பேக் இரண்டும் 'ஸ்டேட்டஸ்' என்கின்றன. நிலைப்பதிவு என்றால்?

'நிலை' ஏற்கெனவே அதிக சுமை தூக்குகிறது. லெவலுக்கும் (மட்டத்துக்கும்) சிலர் 'நிலை' என்றே எழுதுகிறார்கள். 'நிலைப்பதிவு நிலை' என்று ஒரு அமைவுப் பெயர் வந்தால் யாருக்கும் புரியாது. நிலையாகச் சேமித்து வைத்த பதிவு என்றும் பொருள் கொள்ளலாம்.

> டாட்நெட் நிரலகமான செரிலாக் இதை 'செல்ஃப்லாக்' என்கிறது. தன்பதிவு?

எனக்கு இதுதான் சரியான திசை. ஒரு சிக்கல் மட்டும்: எழுதும்போது நடுவில் இடைவெளி விழுந்தால் 'தன் பதிவு' ஆகிவிடும், முகநூலில் ஒருவர் போட்ட பதிவு போல. அதனால் புணர்த்தி 'தற்பதிவு' என்று வைக்கலாம் என்கிறேன். தற்காப்பு, தற்பெருமை, தற்சார்பு எல்லாம் நாம் அன்றாடம் எழுதுபவைதான். இடையில் வெட்ட முடியாத ஒரே சொல். தேடினாலும் வேறு எதோடும் கலக்காது. 'தற்போது', 'தற்காலிகம்' நினைவுக்கு வருமே என்று தோழி ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். தனியாகப் பார்த்தால் அந்தச் சாயல் இருக்கிறது, வாக்கியத்துக்குள் வைத்தால் மறைந்துவிடுகிறது:

'பதிவு எதுவும் வரவில்லை என்றால் முதலில் தற்பதிவை இயக்கிப் பாருங்கள்.'

'விண்டோஸ் சேவையாக ஓடும் செயலிக்குக் கன்சோல் இல்லை. ஆகவே லாக்ஃபோர்நெட்டின் தற்பதிவைக் கோப்பில் பிடிக்க, ட்ரேஸ் லிசனர் ஒன்றையும் அமைவுக் கோப்பில் சேர்க்க வேண்டும்.'

'தற்பதிவுக் கோப்பின் பாதையை முழுமையாகக் கொடுங்கள். சிக்கல் தீர்ந்ததும் தற்பதிவை நிறுத்திவிடுங்கள்.'

மூன்றையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், இடறவில்லை. தற்பதிவுக் கோப்பு, தற்பதிவு மட்டம், விரிவான தற்பதிவு என்று கிளைச்சொற்களும் சிரமமில்லாமல் வருகின்றன. இதே இடங்களில் 'உள் வழுநீக்க வெளியீட்டுக் கோப்பு' என்று போட்டுப் பாருங்கள், மூச்சு வாங்கும்.

வினையாக 'தற்பதிவிடு' என்று எழுதுவதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. நிரலகம் 'தற்பதிவில் எழுதுகிறது' என்றால் போதும்.

மறுப்பு இருப்பவர்கள் வேறு சொல்லை மட்டும் தராமல், மேலே உள்ள மூன்று வாக்கியங்களிலும் அதைப் பொருத்தி எழுதி அனுப்புங்கள். லாக்பேக் ஆவண மொழிபெயர்ப்பில் 'ஸ்டேட்டஸ் லிசனர்' (ஸ்டேட்டஸ் செய்திகளைப் பெறும் பகுதி) வரும் இடத்தைத் தொடாமல் வைத்திருக்கிறேன். அங்கே 'தற்பதிவுக் கேட்பி' பொருந்துமா என்பதையும் சொல்லுங்கள்.