வட்டு எறியும் வீரனை நேரில் பார்த்த அனுபவம்

ரோமில் தெர்மினி ரயில் நிலையத்துக்கு வெளியே வந்தால் நடக்கிற தூரத்திலேயே பலாத்சோ மாசிமோ அருங்காட்சியகம். நான் அங்கே போனதே இந்தச் சிலைக்காகத்தான். கிரேக்கச் சிற்பி மைரன் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வெண்கலத்தில் செய்தது எப்போதோ அழிந்துவிட்டது, நமக்கு மிஞ்சியதெல்லாம் ரோமானியர்கள் பளிங்கில் செதுக்கிய நகல்கள். அவற்றில் இது நன்றாகத் தப்பிப் பிழைத்தது, 1781இல் ரோமின் எஸ்குவிலின் குன்றில் கிடைத்தது.

முன்னால் நின்றால் புத்தகங்களில் பார்த்த அதே உருவம். அப்புறம் பக்கவாட்டில் போய் நின்றேன், அவ்வளவு பெரிய வில் வளைவும் காணாமல் போய் உடம்பு பலகை மாதிரி ஒடுங்கிவிட்டது! ஒரே திசையிலிருந்து பார்ப்பதற்கென்றே யோசித்துச் செய்திருக்கிறார்கள். காலை ஒட்டி ஒரு மரத்தண்டு இருக்கும், அதையும் கவனியுங்கள். உள்ளே கூடாக வார்த்த வெண்கலத்துக்கு அது தேவையில்லை, பளிங்கின் எடையைக் கணுக்கால் தாங்காது என்பதால் சிற்பி சேர்த்த முட்டு. விலா எலும்புகள் எல்லாம் விறைத்து நிற்க, முகத்தில் மட்டும் துளி சிரமம் தெரியவில்லை. அந்த முகத்தை விட்டு நகரவே மனம் வரவில்லை.

1938இல் ஹிட்லர் இதை 50 லட்சம் லிராவுக்கு வாங்கி மூனிக்குக்குக் கொண்டுபோனார், 1948இல்தான் இத்தாலிக்குத் திரும்பியது. போர் முடிந்து திரும்பி வந்ததே பெரிய விஷயம்.

---

அண்ணா, நான் பார்த்தது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள இன்னொரு நகல். 1791இல் ரோமுக்குப் பக்கத்தில் திவோலியில், ரோமானியப் பேரரசர் ஹாட்ரியனின் மாளிகை இடிபாடுகளில் எடுத்தது. அதைச் சீரமைத்தவர்கள் தலையைத் தவறான கோணத்தில் பொருத்திவிட்டார்கள், அதனால் வீரன் தரையைப் பார்க்கிறான். வட்டைப் பிடித்த கையின் பக்கம் முகம் திரும்பியிருக்கும் என்று பழைய எழுத்தாளர் லூசியன் தெளிவாகவே எழுதியிருக்கிறார். வீட்டில் கண்ணாடி முன் தட்டை வைத்துக்கொண்டு இரண்டு மாதிரியும் நின்று பார்த்தேன், தலையைப் பின்னால் திருப்பும்போதுதான் தோள் முழுசாக முறுக்கேறுகிறது, குனிந்தால் பாதி வேகம் போய்விடுகிறது. இவ்வளவு அழகான உடம்புக்கு இப்படி ஒரு தலை என்று எனக்கு வருத்தம்தான்.

---

சரியாகச் சொன்னீர்கள் தம்பி. வத்திக்கான் அருங்காட்சியகத்தின் தேர்க் கூடத்தில் இருக்கும் நகலும் திவோலியில் கிடைத்ததுதான், அதற்கும் அதே குனிந்த தலை. ரோமுக்குப் போகிறவர்கள் அதையும் தலை பின்னால் திரும்பிய மாசிமோ சிலையையும் ஒரே நாளில் பார்த்துவிடுங்கள், வித்தியாசம் கண்ணில் அடிக்கும். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், மாசிமோ திறக்காது.